பழசை செட்டா வித்தேன், புதுசை பிரிச்சு பிரிச்சு வாங்கினேன்

எங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா விக்கப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் கேட்டது "என்னாச்சு, ரிப்பேரா?"ன்னு தான். ஐ5 நாலாவது ஜெனரேஷன், 4460ன்னு ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். நடுவுல ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டதுல திரும்ப உயிர் வந்து அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. நான் செங்கல்பட்டுல வீட்டுலயே டிடிபி பண்றவ, அதாவது அச்சுக்கு போற பக்கத்தை கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சு வடிவமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ஸ்கூல் கொஸ்டின் பேப்பர், எப்பவாவது சென்னையிலேர்ந்து ஒரு புக் லேஅவுட் வரும். பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப், ஓரத்துல குரோம்ல வாட்ஸ்அப் வெப், இவ்ளோ தான் என் வேலை.

பிரச்சனை விண்டோஸ் 10ல. 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட் அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 போடலாம்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான், கூடவே டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணுங்கிறாங்க. என்னுது நாலாவது. குறுக்கு வழி இருக்கு, இல்லேன்னு சொல்லல. ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர்ல பென்டிரைவ் ரெடி பண்ணா அந்த செக்கிங்கை எல்லாம் தாண்டி 11 ஏறிடும், ஆனா அடுத்தடுத்த பெரிய அப்டேட்டுக்கு நாம தான் பொறுப்பு. இன்னொரு வழி, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10க்கு செக்யூரிட்டி அப்டேட் காசு கொடுக்காமலே கிடைக்கும். வீட்டுல படம் பாக்க, பசங்க படிக்கன்னு வச்சிருக்கவங்களுக்கு இதுவே போதும், அவசரப்பட்டு விக்க வேண்டாம். என் கதை வேற. ஊர்ல உள்ளவங்க ஆதார் காப்பி, பாஸ்புக் முதல் பக்கம், பசங்க மார்க் ஷீட் எல்லாம் என் வாட்ஸ்அப்புக்கு தான் அனுப்புறாங்க, அத்தனையும் டவுன்லோடு ஃபோல்டர்ல கெடக்கு. அது ஒண்ணு. இன்னொண்ணு, இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டா இதே மாதிரி பெட்டி வச்சிருக்க எல்லாரும் ஒண்ணா விக்க வருவாங்க, அப்ப இதை எடைக்கு தான் போடணும்.

அப்கிரேடு பண்ணிக்கலாமேன்னு என் தம்பி சொன்னான். அந்த போர்டுல என்ன பண்ணாலும் நாலாவது ஜெனரேஷனைத் தாண்டாது. போர்டு மாத்தினா ப்ராசஸர் மாத்தணும், ப்ராசஸர் மாத்தினா டிடிஆர்3 ரேம் உதவாது, கடைசில மிஞ்சுறது கேபினெட்டும், உள்ள கரண்ட் கொடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸும் தான். பத்து வருஷத்து எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி புது போர்டை மாட்ட எனக்கு மனசு வரல.

சரி, விக்கிறதுன்னு ஆனதும் எவ்ளோ போகும்னு விசாரிச்சேன், அதை வச்சு தானே அடுத்ததுக்கு பட்ஜெட் போட முடியும். பக்கத்துல உள்ள சர்வீஸ் கடையில "புதுசு எங்ககிட்ட எடுத்தா இதுக்கு 3,000 கழிச்சுக்கறோம் மேடம்"னாங்க. புதுசு விலையைக் கேட்டா அந்த 3,000 அங்கயே ஏத்தி வச்சிருக்கு. பார்ட்டா பிரிச்சு வித்தா கொஞ்சம் கூட வரும்னு ஒருத்தர் சொன்னார். அதுலயும் உண்மை இருக்கு, இந்த 4460 மாதிரி ப்ராசஸருக்கு இன்னும் ஆள் இருக்காங்க, காரணம் என்னன்னா எச்81 போர்டெல்லாம் பேர் தெரியாத கம்பெனிங்க இன்னும் புதுசா பண்ணி விக்கிறாங்க, அந்தப் புது போர்டுல பழைய ப்ராசஸரை மாட்டி "புது ஐ5 சிஸ்டம்"னு பில் போட்டுடுவாங்க. ஆனா பிரிச்சு விக்க ஆரம்பிச்சா ப்ராசஸரும் ரேமும் முதல்ல போயிடும், கடைசில போர்டும் காலிப் பெட்டியும் நம்ம பரண் மேல தான். அதனால நான் எடுத்த முடிவு, மொத்தமா செட்டா விக்கிறது. 18.5 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ரெண்டு சின்ன ஸ்பீக்கர், எல்லாம் சேத்து. வெறும் பெட்டியை மட்டும் போட்டா கேக்குற ஆள் கம்மி, வீட்டுக்கு கொண்டு போய் ப்ளக்கை சொருகினா ஓடணும்னு நெனைக்கிற ஆள் தான் செகண்ட் ஹேண்ட்ல அதிகம். யுபிஎஸ் மட்டும் வச்சுக்கிட்டேன், அதுக்கு பேட்டரி மாத்தி ரொம்ப நாள் ஆகல.

ஆனா ஒண்ணு, புதுசுல முதல் பிரிண்ட் எடுக்குற வரைக்கும் பழசு வீட்டை விட்டு நகரக்கூடாதுங்கறதுல உறுதியா இருந்தேன். முகூர்த்த மாசத்துல ஒரு நாள் வேலை நின்னாலும் பத்திரிகை அடிக்க வர்றவங்க வேற இடம் பாத்துடுவாங்க. அதனால வாங்குற கதையை முதல்ல சொல்றேன்.

வீட்டுக்காரர் லேப்டாப்ங்கிறார், கரண்ட் போனாலும் ஓடும்ல. அக்கா பையன் மேக் மினிங்கிறான், எம்4 போட்டது 2024ல வந்தப்ப 59,900ல ஆரம்பம், குட்டியூண்டு பெட்டி, சத்தமே வராது, எல்லாம் சரி தான். ஆனா என் வீட்டுல கம்ப்யூட்டர் என்னன்னு முடிவு பண்றது நானும் இல்ல அவங்களும் இல்ல, என் பிரிண்டரும் பேஜ்மேக்கரும் தான். பிரிண்டர் கேனன் எல்பிபி 2900பி, இந்தப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ஒண்ணு கண்ணுல படும், அதே தான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல, அதுக்கப்புறம் அடோபி அதுல பெரிய வெர்ஷன் எதுவும் விடல. ஆனா என்கிட்ட இருக்கிற பழைய ஃபைல் பூரா அதுல தான் இருக்கு, போன வருஷம் அடிச்ச பத்திரிகையில பேரை மட்டும் மாத்திக் கொடுங்கன்னு வர்ற கஸ்டமர் பாதிக்கு மேல. மேக்ல அது ஓடாது. இப்ப வர்ற ஸ்னாப்டிராகன் லேப்டாப்புலயும் பழைய பிரிண்டர் டிரைவர் ஏறாது, அதுல இருக்கறது போன்ல வர்ற மாதிரி ஏஆர்எம் சிப், அதுக்குன்னே எழுதின டிரைவர் வேணும். அதனால இன்டெல் இல்லேன்னா ஏஎம்டி, 64 பிட் விண்டோஸ், அதுக்கு எல்பிபி 2900க்கு டிரைவர் இருக்கு, முடிஞ்சது. நீங்களும் வீட்டுல இருக்குற பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து போடுற டிஎஸ்சி டோக்கன், ஃபாண்ட் சாஃப்ட்வேரைத் திறக்க யுஎஸ்பில சொருகுற டாங்கிள், இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அப்புறமா ப்ராசஸர் பேச்சுக்கு போங்க, பாதி சாய்ஸ் தானா கழண்டு விழுந்துடும்.

லேப்டாப்பை நானே தள்ளினேன். டைப்ரைட்டிங் லேஅவுட்ல நாள் பூரா அடிக்கிறவளுக்கு அந்த சப்பைக் கீபோர்டு ஆகாது, கழுத்தும் குனிஞ்சே இருக்கணும். தனியா மானிட்டர், கீபோர்டு மாட்டிக்கலாம்னா அப்புறம் எதுக்கு லேப்டாப்?

அடுத்து, புதுசா அசெம்பிள் பண்றதா, கம்பெனிகள்ல இருந்து கழிச்ச ரீஃபர்பிஷ்டு பெட்டியா. புதுசுன்னா 12வது ஜெனரேஷன் ஐ3 இல்ல ஐ5, எச்610 போர்டு, என் வேலைக்கு தாராளம். கொட்டேஷன் வாங்கினேன், அங்க தான் ரேம் உதைச்சுது. 2025 கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தம் தெரிஞ்சிருக்கும், ஏஐ சர்வருக்கு எல்லா கம்பெனியும் சிப்பை அங்க திருப்பிட்டாங்க, டிடிஆர்4 பண்றதையும் குறைச்சுக்கிட்டாங்க, கொஞ்ச மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. கொட்டேஷன் கொடுத்த பையன் "அக்கா, இது இன்னைக்கு ரேட்டு, நாளைக்கு இதே பேப்பரை எடுத்துட்டு வந்து கேக்காதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அப்ப தான் ரீஃபர்பிஷ்டு பக்கம் கண்ணு போச்சு. அங்க ரேம் பெட்டிக்குள்ளயே இருக்கு. 8 ஜிபி போட்ட பெட்டிக்கும் 16 ஜிபி போட்ட பெட்டிக்கும் அவங்க கேக்குற வித்தியாசம், வெளிய புதுசா 8 ஜிபி வாங்குறதை விட கம்மியா இருந்துச்சு. இது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது, ரேம் விலை இறங்கிட்டா கணக்கே மாறும், நான் வாங்குன நேரத்துக்கு அது தான் கணக்கு.

ரீஃபர்பிஷ்டுன்னதும் ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வரும், ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, 22 இன்ச் மானிட்டர், வைஃபை எல்லாம் சேத்து பன்னெண்டாயிரமோ என்னமோ. போன் பண்ணி "ஐ7 எத்தனாவது ஜெனரேஷன்?"னு கேட்டா அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் "செம ஸ்பீடா இருக்கும் மேடம்"பாங்க. ஐ7-2600ன்னா ரெண்டாவது ஜெனரேஷன், 2011ல வந்தது, நான் விக்கப் போற பெட்டியை விட பழசு. ஐ5-க்கு அப்புறம் வர்ற நம்பர் நாலு இலக்கம்னா முதல் இலக்கம் ஜெனரேஷன், அஞ்சு இலக்கம்னா முதல் ரெண்டு. 4460 நாலு, 8500 எட்டு, 12400 பன்னெண்டு. கடைக்காரர் வாயால சொல்றதை விட இந்த நம்பரை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கங்க. புதுசு அசெம்பிள் பண்றவங்க நம்பருக்குக் கடைசியில எஃப்னு ஒரு எழுத்து இருக்கான்னும் பாத்துக்கங்க, எஃப் போட்டதுல டிஸ்ப்ளே கிடையாது, தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா இருக்கேன்னு எடுத்தா ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது.

சென்னையில கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடையா இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு வேலை நாள்ல தான் போனேன், ஞாயித்துக்கிழமை பாதிக் கடை ஷட்டர் இறக்கியிருக்கும். எக்மோர்ல இறங்கி ஆட்டோ. உள்ள நுழைஞ்சதும் "என்ன வேணும் மேடம், லேப்டாப்பா, சிசிடிவியா"ன்னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிடுவாங்க, அவங்க பின்னாடி போனா அந்தக் கமிஷனும் நம்ம பில்லுல தான் ஏறும். நான் முன்னாடியே போன்ல பேசி வச்ச கடை ஒரு மாடியில இருந்துச்சு, படிக்கட்டு பூரா காலி அட்டைப் பெட்டி, மேல போனா சுவத்தோரம் கறுப்பு கறுப்பா டெல், எச்பி, லெனோவா பெட்டிங்க அடுக்கியிருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒரு ஐடி கம்பெனியோட அசெட் ஸ்டிக்கர் பிச்ச தடம்.

எடுத்தது டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, ஐ5-8500, ஆறு கோர், 16 ஜிபி ரேம். அதுலயே டவர், ஸ்மால், மைக்ரோன்னு மூணு சைஸ் இருக்கு, ஸ்மால் டேபிள்ல அழகா இருக்கும் ஆனா நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும்னா பாதி உயரம் உள்ளது தான் நுழையும், அதனால டவர். ஒண்ணு தெரிஞ்சே எடுத்தேன், இந்தப் பெட்டியில எஸ்எம்பிஎஸ் டெல்லோட சொந்த கனெக்டர், போர்டும் அப்படித் தான். கடையில கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்ட முடியாது, போனா அதே மாடலுக்குத் தான் தேடணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல பழசு கிடைக்குது, அதனால பயப்படல, ஆனா ஊர்ல இருந்துட்டு சட்டுனு மாத்தணும்னா சிரமம். அது வேண்டாம்னு நெனைக்கிறவங்க அசெம்பிள் பக்கம் போறது நல்லது.

கடையில பண்ண செக்கிங்கை கொஞ்சம் விரிவா சொல்றேன். பெட்டி மேல சர்வீஸ் டேக்னு ஒரு ஏழு எழுத்து ஸ்டிக்கர் இருக்கும். அதை டெல் சைட்ல என் போன்லயே போட்டேன், அந்தப் பெட்டி எந்தத் தேதியில ஃபேக்டரியில இருந்து போச்சு, என்ன ப்ராசஸரோட போச்சுன்னு வந்துடுது, கடைக்காரர் சொன்னதோட ஒத்துப் போச்சு. அடுத்து ஆன் பண்ணும்போதே எஃப்2 அழுத்தி பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி உள்ள செட்டிங்ஸுக்குள்ள போனேன். பாஸ்வேர்டு கேட்டா அந்தப் பெட்டி வேண்டாம், ஆபீஸ்ல போட்ட பூட்டைக் கழட்டாம வந்திருக்குன்னு அர்த்தம். டிபிஎம் ஆன்ல இருக்கா, செக்யூர் பூட் இருக்கான்னும் அங்கயே பாத்தாச்சு. அப்புறம் விண்டோஸ்ல ஆக்டிவேஷன் பக்கம். டிஜிட்டல் லைசென்ஸ்னு காட்டினா சரி, "உங்க நிறுவனத்தோட ஆக்டிவேஷன் சர்வீஸ்"னு ஒரு வரி வந்தா பெரும்பாலும் கிராக் தான், கொஞ்ச நாள்ல ஸ்க்ரீன் மூலையில ஆக்டிவேட் பண்ணுங்கன்னு மங்கலா எழுத்து விழும். கடைசியா பின்னாடி முன்னாடி உள்ள எல்லா யுஎஸ்பிலயும் என் பென்டிரைவை ஒவ்வொண்ணா சொருகிப் பாத்தேன். கடைப் பையனுக்கு பொறுமை போயிடுச்சு, "எல்லாம் வேலை செய்யும்க்கா"ன்னான். செய்யும்ப்பா, பாத்துட்டா உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதின்னேன். முன்னாடி இருந்ததுல ஒண்ணு வேலை செய்யல, அதே மாடல்ல வேற பெட்டியை இறக்கச் சொல்லி முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம்.

அவங்க உள்ள போட்டிருந்த எஸ்எஸ்டி நான் கேள்விப்படாத பேரு. அதைக் கழட்டிட்டு எவ்ளோன்னு கேட்டேன், ஆயிரம் குறைச்சாங்க. பெட்டி 14,500க்கு முடிஞ்சுது, ஜிஎஸ்டி பில், ஆறு மாசம் வாரண்டி. "பில் வேணுமா, பில் இல்லாம ஒரு ரேட் இருக்கு"ன்னு எப்பவும் போல கேட்டாங்க. பில் இல்லாத வாரண்டிக்கு எந்தக் கடையில போய் நிக்கிறது. எஸ்எஸ்டி பக்கத்து சந்துல வேற கடையில, தெரிஞ்ச கம்பெனியோட 500 ஜிபி எம்.2, அதாவது போர்டுலயே நேரா சொருகுறது, சீல் பிரிக்காத பெட்டியில. நம்ம ஃபைல் எல்லாம் தங்குற இடம் அது, அதுல மட்டும் கழிச்சது, பேர் இல்லாதது எதுவும் வேண்டாம்.

மிச்சம் பிடிச்ச காசு மானிட்டருக்கு போச்சு, என்னைக் கேட்டா டிடிபிக்காரங்க காசு போட வேண்டிய இடம் அது தான். பழைய 18.5 இன்ச்ல கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா மெரூன் கறுப்பாயிடும், நிமிந்தா சிவப்பாயிடும். பத்திரிகை அட்டையில குங்குமக் கலர் பார்டரை கஸ்டமர் என் தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்து ஓகே சொல்லிட்டு, அச்சுக்கு போயிட்டு வந்ததும் "நான் பாத்த கலர் இது இல்லையே"ன்னு நிப்பாங்க. அவங்க நின்ன இடத்துல இருந்து அவங்களுக்கு அப்படித் தான் தெரிஞ்சிருக்கும். இப்ப 24 இன்ச் ஐபிஎஸ், எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே கலர், 1920க்கு 1080, ரெண்டு ஏ4 பக்கம் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சு புரூஃப் பாக்க முடியுது. இதை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கல, ட்ரெயின்ல கூட்டத்துல அதையும் தூக்கிட்டு வர முடியாதுன்னு ஆன்லைன்ல போட்டு வீட்டுக்கே வரவழைச்சேன், பிரிக்கும்போது வீடியோ எடுத்து வச்சேன்.

விண்டோஸ் ஏத்துறது சுலபமா முடிஞ்சுது. மைக்ரோசாப்ட் சைட்ல இருந்தே 11ஐ பென்டிரைவ்ல இறக்கி போட்டா, லைசென்ஸ் கீ பெட்டியோட பயாஸ்லயே இருக்கறதால கீ கேக்காம தானா ப்ரோ எடுத்துக்கிச்சு. ஃபாண்ட் தான் நேரத்தை இழுத்துது, பழைய டிடிபி ஆளுங்க இதைக் குறிச்சு வச்சுக்கங்க. பாமினி, வானவில், செந்தமிழ்னு என்கிட்ட இருக்கிற யூனிகோடு இல்லாத, அதாவது இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் எழுத்தை வச்சிருக்கிற பழைய ஃபாண்ட் ஒரு கூடை. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தா வேர்டுல வருது, பேஜ்மேக்கர்ல வரல, திறந்தா பத்திரிகை பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது. காரணம், இப்ப உள்ள விண்டோஸ்ல சும்மா இன்ஸ்டால் கொடுத்தா அந்த ஒரு யூசருக்கு மட்டும் தனி ஃபோல்டர்ல போய் உக்காந்துக்குது, பழைய சாஃப்ட்வேருக்கு அந்த இடமே தெரியாது. ரைட் கிளிக் பண்ணி "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுக்கணும். கொடுத்ததும் அத்தனை மணமக்கள் பேரும் தமிழ்ல வந்துடுச்சு. பேஜ்மேக்கரை அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ற மாதிரி ஐகான்லயே டிக் போட்டுட்டேன். எல்பிபி 2900ல முதல் பக்கம் வெளிய வந்ததும் தான் பழசோட பின்பக்கத்துல கையை வச்சேன்.

யுபிஎஸ்ஸையும் அப்பவே சோதிச்சுடுங்க. சில மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது இந்த மாதிரி கம்பெனிப் பெட்டி எஸ்எம்பிஎஸ் ஒத்துக்காம ரீஸ்டார்ட் ஆகும். சேவ் பண்ண வேண்டியதை எல்லாம் சேவ் பண்ணிட்டு, சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும். என்னுது தாங்குச்சு.

இப்ப பழசுக்கு வருவோம். டேட்டா எடுத்தாச்சு, 1 டிபி ஹார்டு டிஸ்க்கை விக்கல, கழட்டி ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப்புக்கு வச்சுக்கிட்டேன், ஊர்க்காரங்க ஆதார் இருந்த டிஸ்க்கை எவ்ளோ அழிச்சாலும் அடுத்தவங்க கையில கொடுக்க எனக்கு இஷ்டம் இல்ல. எஸ்எஸ்டியை மட்டும் வச்சு, ரீசெட்ல "எல்லாத்தையும் நீக்கு" கொடுத்து, கூடவே டிரைவ் க்ளீன் பண்ற ஆப்ஷனையும் ஆன் பண்ணி புது விண்டோஸ் 10 ஏத்தினேன். அதுக்கு முன்னாடி குரோம்ல சைன் அவுட், போன்ல வாட்ஸ்அப் லிங்க்டு டிவைஸ்ல இருந்து எடுத்தது, கோரல்டிரா லைசென்ஸை பழசுல இருந்து கழட்டினது. டேலின்னு கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு தான் ரீசெட் பண்ணணும்.

அப்புறம் சுத்தம் பண்றது. சைடு மூடியை மாடியில வச்சு திறந்தேன். ப்ராசஸர் ஃபேன் மேல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு கீழ மூலையில வெள்ளையா ரெண்டு பல்லி முட்டை, ஒண்ணு ஏற்கனவே பொரிஞ்ச ஓடு. பெயிண்ட் பிரஷ்ஷும் ஒரு ப்ளோயரும் வச்சு ஊதினேன், ஊதும்போது ஃபேன் றெக்கையை விரலால பிடிச்சுக்கணும், சுத்த விட்டா பேரிங் போயிடும். ரேமைக் கழட்டி தங்கக் கலர் பல்லை பென்சில் ரப்பரால தேச்சு திரும்ப சொருகினேன். ப்ராசஸர் மேல சூடு கடத்துறதுக்கு தடவியிருந்து காஞ்சு போன பேஸ்ட்டை துடைச்சு புதுசு ஒரு பட்டாணி அளவு. சிமாஸ் பேட்டரி, அந்த சிஆர்2032 காசு மாதிரி பேட்டரி, ஐம்பது ரூபாய் கூட ஆகல, மாத்திட்டேன். அதை மாத்தலேன்னா கரண்ட் போயிட்டு வந்தா தேதி பழசுக்கு போயிடும், வாங்க வந்தவர் முன்னாடி ஆன் பண்ணும்போது ஒரு எர்ரரோட நின்னா ஆயிரம் ரூபாய் அங்கயே இறங்கும்.

போட்டோ பகல் வெளிச்சத்துல எடுத்தேன், முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், கூடவே ஆன் பண்ணி ப்ராசஸர் ரேம் தெரியுற ஸ்க்ரீன். மானிட்டர் கீழ ஓரத்துல உள்ள கீறலையும் தனியா ஒரு போட்டோ. ஆன்லைன் விளம்பரத்துல விலை 8,500ன்னு போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது. "இருக்கா?" "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" "4,000 கேஷ், இப்பவே வரேன் ப்ரோ." பேரு பொம்பளைப் பேரா இருந்தாலும் எல்லாருக்கும் நான் ப்ரோ தான். ஒருத்தர் ஃபைனல் ரேட் கேட்டே மூணு வேற வேற நேரத்துல மெசேஜ் போட்டார், வரவே இல்ல. பேரம் எல்லாம் நேர்ல வந்து பாத்துட்டு தான்னு ஒரே பதிலை காப்பி பண்ணி வச்சு எல்லாருக்கும் ஒட்டிட்டேன்.

நடுவுல ஒருத்தர், தான் ஆர்மில இருக்கறதாவும் மச்சான் வந்து எடுத்துக்குவான்னும் பேசினார். விலையே பேசல, பெட்டியைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல, அப்பவே தெரிஞ்சு போச்சு. "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்." பணம் நமக்கு வரணும்னா நாம எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், பின் நம்பர் போடவே வேண்டாம், பின் கேட்டாலே பணம் நம்மகிட்ட இருந்து போகுதுன்னு அர்த்தம். என் நம்பருக்கு போடுங்க சார்னேன், சர்வர் பிராப்ளம்னார். பிளாக் பண்ணிட்டேன். ராணுவ யூனிஃபார்ம்ல ஒரு டிபி போட்டோ வேற, யாரோடதோ பாவம்.

கடைசியா வாங்கினது மறைமலை நகர்ல ஒரு ஃபேக்டரியில வேலை பாக்குற அண்ணன். பொண்ணு பி.காம் முதல் வருஷம், டேலி கிளாஸ் போறா, வீட்டுல போட்டுப் பாக்க ஒண்ணு வேணுமாம். போன்லயே ஆயிரம் அட்வான்ஸ் போட்டு "ஞாயித்துக்கிழமை வரேம்மா, யாருக்கும் கொடுத்துடாதீங்க"ன்னார். சொன்ன மாதிரி பொண்ணோடயும் பையனோடயும் வந்தார். பையன் முதல் கேள்வி, "ஆன்ட்டி, ஜிடிஏ 5 ஓடுமா?" ஒழுங்கா ஓடாதுப்பா, கிராபிக்ஸ் கார்டு இல்லன்னேன், முகம் தொங்கிப் போச்சு. பொண்ணு உக்காந்து கீபோர்டுல எல்லா கீயையும் ஒரு தடவை அடிச்சுப் பாத்தா, நல்லா விவரமான பொண்ணு. விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்னதையும், 2026 அக்டோபர் வரைக்கும் எப்படி வாங்கிக்கலாம்ங்கறதையும் அவ முன்னாடியே போட்டுக் காமிச்சேன். "அதுக்கப்புறம்?"னு கேட்டா. அதுக்கப்புறம் பேங்க் வேலை இதுல பண்ணாதீங்க, இல்ல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுக்கங்க, இந்தப் பெட்டிக்கு அது நல்லா ஓடும், ஆனா டேலி அதுல நேரா ஓடாதுன்னேன். மறைச்சு வித்திருந்தா இன்னும் ஒரு ஐநூறு வந்திருக்கலாம், ஆனா இங்க இருந்து மறைமலை நகர் என்ன தூரம், நாளைக்கு அவங்க வீட்டு பத்திரிகையும் என்கிட்ட தான் வரணும்.

7,500க்கு முடிஞ்சுது. பாக்கியை ஜிபேல போட்டார், என் போன்ல பேங்க் மெசேஜ் வந்ததும் தான் ஒயரைக் கழட்டினேன், அவர் ஸ்க்ரீன்ல பச்சை டிக் காட்டினது போதாது. ஒரு வெள்ளைப் பேப்பர்ல தேதி, மானிட்டர் சீரியல் நம்பர், என்ன என்ன கொடுத்தேன், ஹார்டு டிஸ்க் இல்லாம தான் கொடுக்கறேன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம். மானிட்டரை பெட்ஷீட்ல சுத்தி பொண்ணு மடியில, பெட்டி ஆட்டோ சீட்டுல படுக்க வச்சு.

போன வாரம் போன் பண்ணார், ரேம் இன்னொண்ணு போட்டா நல்லாருக்கும்னு கிளாஸ்ல சொன்னாங்களாம். போர்டுல ரெண்டாவது ஸ்லாட் காலியா தான் இருக்கு அண்ணா, டிடிஆர்3 1600ல பழசு ஒரு 8 ஜிபி கிடைச்சா போடுங்க, புதுசு வாங்கித் தரேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்கன்னேன். "பழசு எங்கம்மா கிடைக்கும்?"னார். அந்த ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக்கடை நம்பரை அனுப்பி வச்சேன்.